மறைப்பதா, நீக்குவதா? கறுப்புக் காரை வீட்டிலேயே மெருகேற்றும் முறை

கறுப்பு நிறக் கார் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த வருத்தம் ஒன்று உண்டு. வாங்கிய நாளில் முகம் பார்க்கும் கண்ணாடியாக விளங்கிய பானெட், ஓராண்டு கழிவதற்குள் மாலை வெயிலில் சிலந்தி வலை பின்னியது போலத் தோற்றமளிக்கத் தொடங்கும். நிழலில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. வெயிலுக்கு வந்தாலோ, சூரியனின் பிம்பத்தைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கோடுகள் வட்டமிட்டு நிற்கும். இதனை மேலை நாட்டார் சுழல் கீறல் என்பர். நம் பட்டறைகளில் வெறுமனே ‘ஸ்க்ராட்ச்’ என்று சொல்லி, ‘ரப்பிங் போட்டால் போய்விடும்’ என்பார்கள். உண்மையிலேயே போய்விடுகிறதா, அல்லது கண்ணுக்கு மறைகிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வி வண்ணப்பூச்சைப் பற்றியது மட்டுமன்று. வணிக ஒழுக்கத்தைப் பற்றியதும் ஆகும் என்பதைச் சென்ற கோடையில் படவேட்டில் நேரில் உணர்ந்தேன்.

ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் படவேடு. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராகப் புகழ்பெற்றிருந்த மண் அது. இன்று வயலும் தோப்பும் சூழ்ந்த அமைதியான கிராமம். அங்கு வசிக்கும் என் மாமா, ஆரணி நெசவாளர்களிடம் பட்டுச் சேலைகளை வாங்கி வெளியூர்க் கடைகளுக்குக் கொடுத்து வருபவர். அவரிடம் 2016-ஆம் ஆண்டு மாடல் கறுப்புக் கார் ஒன்று இருந்தது. இளைய மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். வட்டிக்கு வாங்க மனமில்லை. காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். போளூரைச் சேர்ந்த ஒருவர், அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

வண்டியின் எஞ்சினில் குறையில்லை, மேனியில்தான் குறை. நாள்தோறும் காலையில் கடைப் பையன் உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்தே மேற்பரப்பு முழுவதும் வலைக்கீறலாகிவிட்டது. விவரம் கேள்விப்பட்ட ஒரு வாகன மெருகுக்காரர், “ஒரு மணி நேரத்தில் கண்ணாடியாக்கித் தருகிறேன். இரண்டு மாதத்திற்குக் கீறல் தலைகாட்டாது” என்றாராம்.

மாமா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, இரண்டு மாதம் கழித்துத் தலைகாட்டினால், அப்போது அந்த வண்டி யாரிடம் இருக்கும்?” என்று கேட்டார். வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் வாகன மெருகுப் பணியில் இருந்தவன் நான். அவர் எதைக் கேட்கிறார் என்பது புரிந்தது. சனிக்கிழமை காலை படவேட்டில் இருந்தேன்.

கீறல் ஏன் வட்டமாகத் தெரிகிறது?

செய்முறைக்குப் போகுமுன் காரணத்தை அறிந்துகொள்வது நலம். இன்றைய காரின் மேனி ஒரே பூச்சு அன்று. இரும்புத் தகட்டின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக அமைந்தது. இவை அனைத்தும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான் அளவுதான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் தாள் ஏறத்தாழ 100 மைக்ரான் கனமுடையது. அப்படியெனில், நான்கு அடுக்குப் பூச்சும் சேர்ந்து ஒரு தாளின் கனத்தைச் சற்றே விஞ்சும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைக் காட்டிலும் குறைவு!

வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பது இந்த அடுக்கே. வலைக்கீறல்களில் பெரும்பாலானவை இதன் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்திற்கே இறங்கியிருக்கும். மெருகேற்றுவது என்பது அந்தக் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பையும் தேய்த்துச் சமப்படுத்துவதாகும். கீறலை நீக்குகிறோம் என்றால், பூச்சையே சிறிது நீக்குகிறோம் என்றுதான் பொருள். போன பூச்சு திரும்பி வராது. வாழ்நாள் முழுவதற்கும் அளந்து கொடுக்கப்பட்ட சேமிப்பு அது. ஆகவே சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

கீறல்கள் வட்டமாகத் தோன்றுவது ஒரு காட்சி மயக்கம். உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் நேர்க்கோடுகளே. சூரியனையோ விளக்கையோ நோக்கிக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, மற்றவை தெரிவதில்லை. அவ்வாறு தெரிபவை ஒன்றுசேர்ந்து ஒளியைச் சுற்றி வளையமிட்டது போலத் தோன்றுகின்றன. தேய்த்துத் தேய்த்துப் பழகிய எவர்சில்வர் தட்டை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். இதே வளையங்களைக் காணலாம். தலையை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும்.

வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. ஆனால் வெள்ளை நிறம் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பதால், கீறலின் சிறு ஒளி அதில் கரைந்துவிடுகிறது. கறுப்பு நிறமோ ஒளியை விழுங்கிவிடுகிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டிக் கோடு தெரிவது போல, அதன்மேல் கீறலின் ஒளி மட்டும் துலங்கி நிற்கிறது.

கீறுவது யார்?

பெரும்பாலும் நாமேதான். நம் ஊர்ச் சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7-ஆம் இடத்தில் இருப்பது, கண்ணாடியையே கீறவல்லது. கிளியர் கோட் அதனினும் மிக மென்மையானது. புழுதி படிந்த பானெட்டை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளை மென்மையாகத் தேய்ப்பதற்குச் சமம். அன்போடு தினமும் துடைக்கப்படும் கார்தான் அதிகம் கீறப்பட்ட காராக இருக்கிறது! இறகுத் துடைப்பம், பழைய பனியன், தரையில் விழுந்து எடுத்த ஸ்பாஞ்சு, புழுதி மேனிமீதே போர்த்தப்படும் உறை ஆகிய அனைத்தும் இதே கேட்டைச் செய்பவை.

மாமாவுக்கு இதை விளக்குவது எளிதாக இருந்தது. பட்டோடு வாழ்ந்தவர் அல்லவா? பட்டு இழையின் குறுக்கு வெட்டு ஏறக்குறைய முக்கோண வடிவினது. அதன் வழவழப்பான பக்கங்கள் ஒளியைத் திருப்புவதால்தான் பட்டு மின்னுகிறது. சொரசொரப்பான விரல் பட்டால் இழை பிசிறிடும். பிசிறிட்ட இடத்தில் மினுக்கம் போய்விடும். “ஆக, காரும் பட்டுத்தான் என்கிறாய்” என்றார் மாமா. அன்று முதல் கடைப் பையன் கையிலிருந்த துணி பறிபோயிற்று.

முதலில் சோதனை

சனிக்கிழமை நாங்கள் ஒன்றையும் தேய்க்கவில்லை. பார்வையிட மட்டுமே செய்தோம். நிழலில் நிறுத்தி, ஒற்றை விளக்கைச் சாய்வாகப் பிடித்து, ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தோம். விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்ப்பது பழைய முறை. இன்றும் நல்ல முறை. நகம் தட்டாவிட்டால் கீறல் மேலோட்டமானது, மெருகில் நீங்கும். நகம் தட்டி நின்றால் ஆழமானது. அதை முழுவதும் நீக்க முயன்றால் கிளியர் கோட் அற்றுப்போகும். அதன் முனைகளைச் சற்று மழுக்கிவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிடுவதே அறிவுடைமை. வலது பின்கதவில் அப்படி ஒரு கீறல், ஒரு சாண் நீளத்திற்கு இருந்தது.

என்னிடம் பூச்சின் கனம் அளக்கும் சிறு கருவி இருந்தது. பானெட்டிலும் கூரையிலும் 110 முதல் 130 மைக்ரான் காட்டிய கருவி, அதே வலது பின்கதவில் 260 காட்டியது. அந்தக் கதவு எப்போதோ பட்டறையில் மறுபூச்சுப் பெற்றது என்பது தெளிவாயிற்று. “நான் வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லையே!” என்றார் மாமா. கருவி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பூச்சின் கனம் தெரியாதபோது, மிக மெல்லியது என்றே எண்ணிக்கொண்டு மென்மையாக வேலை செய்தால் போதும்.

பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளை வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றிற்குக் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேற்பரப்பு. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலீஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது ஒற்றைப் பூச்சு. அஞ்ச வேண்டாம், ஆனால் தேயும் ஒவ்வொரு துளியும் நிறமே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மினுக்கமற்ற மேட் பூச்சு வண்டியாயின், மெருகேற்றவே கூடாது.

கழுவுதல்: பாதி வேலை இதிலே

ஞாயிறு காலை ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் தொடங்கினோம். வெயில் ஏறுமுன் உள்ள இரண்டு மணி நேரமே இவ்வேலைக்கு உகந்தது. தகடு சூடாக இருந்தால் சோப்பு நீரும் பாலீஷும் உடனே காய்ந்து கறையாகிவிடும்.

இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். முதலில் மேலிருந்து கீழாக நீரூற்றிப் புழுதியை ஊறவைத்துக் கழுவிவிட வேண்டும். பிறகு மைக்ரோபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து, கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்ற வரிசையில் அழுத்தாமல் இழுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் நீர் வாளியில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டு, அதன் பின்னரே மீண்டும் ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். கதவுகளின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. சக்கரத்திற்குத் தனித் துணி. சலவைத் தூளும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கூடவே கூடாது.

குழாயைத் திறந்துவிட்டபடி கழுவ வேண்டியதில்லை. ஒளுச் செய்யும்போது கூட நீரை வீணாக்கலாகாது என்று கற்ற சமுதாயம் நாம். கோடையில் கிணறுகள் வற்றும் ஊரில், வாகனத்திற்கு மட்டும் அந்த ஒழுக்கம் விலக்காகிவிடுமா என்ன? நான்கைந்து வாளி நீரில் முழுக் காரையும் கழுவிவிடலாம்.

கழுவியதும் காயவிடக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பு, காய்ந்ததும் வெண்புள்ளியாகப் படிந்துவிடும். ஏற்கெனவே படிந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரில் சமபங்கு நீர் கலந்து துணியில் தொட்டு ஒற்றி, உடனே நல்ல நீரால் கழுவலாம். துவட்டுவதற்கு ஒரு காலத்தில் ஷாமாய் என்னும் பதப்படுத்திய மென்தோலே சிறந்ததாகக் கருதப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலை அறிந்த நம்மவர்க்கு அதன் அருமை தெரியும். ஆனால் தோலில் மணல் ஒளிந்துகொள்ள இடமில்லை. மேற்பரப்பிலேயே நின்று கீறும். இன்று தடித்த மைக்ரோபைபர்த் துண்டே நல்லது. தேய்க்காமல், பரப்பிவைத்து ஒற்றி எடுக்க வேண்டும்.

மைக்ரோபைபர் என்றால் என்ன என்று மாமா கேட்டார். நெசவு வணிகரிடம் டெனியர்க் கணக்கில் சொல்வதே தகும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். பட்டுப்புழுக் கூட்டிலிருந்து வரும் ஒற்றை இழை 2 முதல் 3 டெனியர். மைக்ரோபைபர் இழையோ 1 டெனியருக்கும் குறைவு. “பட்டை விட மெல்லியதா!” என்று அவர் அந்தத் துண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒட்டியுள்ள மாசு அகற்றல்

கழுவிய மேனியும் முழுத் தூய்மையுடையதன்று. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, ஈரமான பானெட்டைத் தடவிப் பாருங்கள். மணல் தூவியது போலச் சொரசொரத்தால், இரும்புத் துகளும் மரப்பிசினும் தாரும் பூச்சில் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். இதற்கென விற்கும் களிமண் போன்ற கட்டியை, கிளே பார் என்பர், சிறு வில்லையாகப் பிசைந்து, ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். அழுக்கேறியதும் மடித்துப் புதுப்பக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் இரக்கம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணல் ஒன்று போதும், நூறு கீறல் போடுவதற்கு.

மெருகேற்றல்

திங்கட்கிழமை மெருகைத் தொடங்கினோம். முதலில் கதவு விளிம்புகள், பானெட்டின் மடிப்புக் கோடுகள், ரப்பர், கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றின்மீது மாஸ்கிங் டேப் ஒட்டினோம். விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியது. அங்கேதான் முதலில் இரும்பு தெரியும்.

இவ்வேலையின் முதல் விதி யாதெனில், மிக மென்மையானதில் தொடங்குவதாகும். கடைகளில் மூன்று தரம் கிடைக்கும்: கரடான காம்பவுண்ட், நடுத்தரப் பாலீஷ், மென்மையான இறுதிப் பாலீஷ். இவற்றில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு என்னும் நுண்துகள் தேய்ப்பானாக இருக்கும். பானெட்டில் ஓரடிச் சதுரத்தை டேப்பால் பிரித்துக்கொண்டு, முதலில் மென்மையான பாலீஷால் மட்டும் முயலுங்கள். கீறல் நீங்கினால் அதுவே போதும். நீங்காவிட்டால் மட்டும் ஒருபடி மேலே செல்லுங்கள். அந்தச் சதுரத்தில் வெற்றி கண்ட முறையையே வண்டி முழுவதற்கும் கையாளலாம்.

கையால் செய்வோர், ஸ்பாஞ்சு பேடில் பட்டாணி அளவில் மூன்று சொட்டு பாலீஷ் இட்டு, அந்த ஓரடிச் சதுரத்திற்குள் மட்டும், முதலில் மேலும் கீழுமாகவும் பிறகு இடம் வலமாகவும், இரண்டு மூன்று நிமிடம் சீராகத் தேய்க்க வேண்டும். எஞ்சியதைச் சுத்தமான மைக்ரோபைபரால் எடுத்துவிட்டு விளக்கில் பார்க்க வேண்டும். கையால் செய்யும்போது கீறல் பெருமளவு குறையும். முற்றிலும் நீங்குமென எதிர்பார்க்கலாகாது. கரடான காம்பவுண்டைக் கையால் தேய்த்தால், கறுப்பு வண்டியில் பழைய கீறல் போய்ப் புதிய மங்கல் வந்து நிற்கும்.

இயந்திரம் பயன்படுத்துவோர் இரண்டு வகையை வேறுபடுத்தி அறிய வேண்டும். பட்டறைகளில் காணும் பஃபிங் மெஷின் ஒரே அச்சில் வேகமாகச் சுழல்வது. தேர்ந்த கையில் அது அற்புதம் செய்யும். தேராத கையில் சில நொடிகளில் சூடேற்றிப் பூச்சை எரித்துவிடும். இரட்டை இயக்கப் பொறியோ சுழன்றுகொண்டே அசைந்தாடுவது. அழுத்தம் கூடினால் சுழற்சி தானே நின்றுவிடும்; சூடும் குறைவு. வீட்டில் செய்வோர்க்கு இதுவே ஏற்றது. பேடைப் பரப்பின்மேல் வைத்த பிறகே பொறியை இயக்க வேண்டும். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்னும் மெதுவான நகர்வில், ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூடுமாறு, நான்கைந்து முறை சென்று வந்தால் போதும். தகட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு இருந்தால் நிறுத்திவிடுங்கள். பேடில் பாலீஷ் அப்பிக்கொண்டால் தூரிகையால் நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மின் பொறி ஈரத் தரையில் வேண்டாம். மூக்குக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். சிறுவர்களை அருகில் விடாதீர்கள்.

மாமாவின் வண்டிக்குப் பானெட்டில் மென்மையான பாலீஷ் போதவில்லை. நடுத்தரம் ஒருமுறை, மென்மையானது ஒருமுறை என்று செய்தோம். பானெட்டுக்கு ஒரு காலை, கூரைக்கும் டிக்கிக்கும் ஒரு காலை, இரு பக்கங்களுக்கும் இரண்டு காலை. கடைப் பையனே விளக்குப் பிடித்தான். தன் கையால் விழுந்த கீறல்கள் ஒவ்வொன்றாக மறைவதை அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவனாகவே துண்டைச் சோதித்து, மணல் இருக்கிறதென்று ஒன்றை ஒதுக்கி வைத்தான்.

நீங்கியதா, நிரம்பியதா?

இப்போது அந்த ‘ஒரு மணி நேர’ மெருகின் இரகசியத்திற்கு வருவோம். சில பாலீஷ்களில் தேய்ப்பானோடு எண்ணெயும் மெழுகு போன்ற நிரப்பிகளும் கலந்திருக்கும். அவை கீறலை நீக்குவதில்லை. அதன் பள்ளத்தில் நிரம்பி ஒளியைச் சமமாகத் திருப்பச் செய்கின்றன. கண்ணுக்குக் கண்ணாடி; ஆனால் சில கழுவல்களிலும் ஓரிரு மழையிலும் நிரப்பி கரைந்து, கீறல் இருந்த இடத்திலேயே தலைகாட்டும். நம் சொந்த வண்டிக்கு, பூச்சு மெல்லியதாகிவிட்டது என்பதால் அறிந்தே இதைப் பூசிக்கொள்வதில் தவறில்லை. உண்மையில் அது பூச்சைச் சேமிக்கும் நல்ல வழியும் கூட. விற்கப்போகும் வண்டிக்கு, வாங்குபவர் அறியாமல் பூசுவது முற்றிலும் வேறு செயல்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள் என்றும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டது என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள் நபியவர்கள். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மேலே கண்ணாடி மெருகு, உள்ளே கீறல். இரண்டிற்கும் என்ன வேறுபாடு?

கீறல் உண்மையில் நீங்கியதா என்று அறிய எளிய வழி உண்டு. தூய ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கிற்கு நீர் ஏழு பங்கு சேர்த்துத் தெளித்துத் துடைத்தால், எண்ணெயும் நிரப்பியும் போய்விடும். அது தீப்பற்றும் பொருளாதலால் அடுப்பருகே வேண்டாம். பிறகு வெயிலில் பாருங்கள். அப்போதும் கீறல் தெரியாவிட்டால் வேலை நேர்மையாக முடிந்தது என்று பொருள். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாலை வேளையில், நிழலில், புதிதாகப் பளபளக்கும் கறுப்புக் காரைக் காட்டினால், ‘வெயிலுக்குக் கொண்டு வாருங்கள்’ என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

காப்பு மெழுகு

மெருகேறிய மேனிக்குக் காப்பு அவசியம். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கார்னௌபா மெழுகு, இயற்கை மெழுகுகளிலேயே கடினமானது. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகிவிடும். கார்னௌபாவோ 80 பாகைக்கு மேல்தான் உருகும். வெயிலில் கொதிக்கும் கறுப்புத் தகட்டிற்கு இது தாங்கும். செயற்கைச் சீலன்ட் வகைகள் இன்னும் சில காலம் கூடுதலாக நிற்கும். எதுவாயினும் மிக மெல்லியதாகப் பூசி, சற்றே மங்கியதும் துடைத்துவிட வேண்டும். தடிமனாகப் பூசுவதால் பயன் இல்லை, துடைப்பது கடினமாகும். நம் வெயிலில் மெழுகை இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். மெழுகைத்தான் அடிக்கடி பூச வேண்டும். மெருகை அடிக்கடி ஏற்றக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வண்டிகள் பூச்சை இழக்கின்றன.

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவது புழுதியை அழைத்து ஒட்டவைப்பதாகும். பற்பசை தேய்ப்பது, எத்தகைய தேய்ப்பான் என்றே அறியாமல் தேய்ப்பதாகும். இரண்டும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை

ஜும்ஆ முடிந்து போளூர்க்காரர் வந்தார். பிற்பகல் வெயில் சாய்ந்திருந்தது. மாமா வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, நேரே வெயிலில் நிறுத்தினார். பானெட்டில் சூரியன் ஒற்றை வட்டமாகத் தெரிந்தது. அதைச் சுற்றி வலையில்லை. வந்தவர் திருப்தியோடு தலையசைத்தார்.

மாமா அவரை வலது பின்கதவருகே அழைத்துச் சென்றார். “இந்தக் கீறல் போகாது. போக்கினால் பூச்சு கெடும் என்பதால் விட்டிருக்கிறோம். இந்தக் கதவு மறுபூச்சு. எனக்கும் இந்த வாரம்தான் தெரியும். மற்றப் பக்கங்களில் மெருகு ஏற்றியிருக்கிறோம், இனி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு யாரும் இயந்திரம் வைத்துத் தேய்க்க வேண்டாம்” என்றார்.

வந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கதவைக் காரணம் காட்டி, சொன்ன விலையில் ஒரு தொகையைக் குறைத்துக் கேட்டார். மாமா ஒப்புக்கொண்டார். அந்தத் தொகை சிறிதன்று. கல்லூரிக் கட்டணம் போக, கையில் மீதம் வரும் என்று எண்ணியிருந்தது வரவில்லை. மாமி உள்ளிருந்தபடி அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். இரவு உணவின்போது, “அந்தக் கதவைச் சொல்லாமல் இருந்தாலும் அவர் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை” என்று மெல்லச் சொன்னார். “தெரியும்” என்றார் மாமா. அதற்குமேல் அவ்வீட்டில் அதுபற்றிப் பேச்செழவில்லை.

வடகிழக்குப் பருவமழை முடிந்த பின்னர் போளூர்க்காரர் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தாராம். குறை சொல்லத்தான் அழைக்கிறார் என்று மாமா ஒரு கணம் அஞ்சினாராம். அவர் கேட்டதோ இதுதான்: “பாய், மழைக்குப் பின்னும் வண்டி அப்படியே இருக்கிறது. இதை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக் கொடுங்கள்.”

மாமா சொல்லிக்கொடுத்ததையே வாசகர்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். உலர்ந்த துணி வண்டியின் மேனியில் படக் கூடாது. வாரம் ஒருமுறை இரண்டு வாளி முறையில் நிழலில் கழுவுங்கள். பறவை எச்சமும் மரப்பிசினும் விழுந்தால் அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். மைக்ரோபைபர்த் துணிகளை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், மென்மையூட்டும் திரவம் இல்லாமல் தனியே துவையுங்கள். இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை மெழுகு. தேவை உண்டானால் மட்டுமே மெருகு. போக்க முடிந்த குறையைப் பொறுமையோடு போக்குங்கள். போக்க முடியாத குறை இருந்தால், அதை வெயிலில் நிறுத்திக் காட்டுங்கள். பரக்கத் என்பது விலையில் மட்டும் வருவதன்று. அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் வணிகத்திலும் அதனை அருள்வானாக!